ஊரும் காவலும் – 7: மாடு போனால் யார் பொறுப்பு?

சென்ற இதழில் பாடிகாவல் கல்வெட்டுகளைப் பார்த்தோம். ஊர்க் காவலுக்காகச் சோழர் காலத்தில் ஊர்கள் செலுத்திய வரி அது. பிற்பாடு, 13ஆம் நூற்றாண்டு தொடங்கி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊரார் சிலர் அந்தக் காவல் உரிமையையே பக்கத்து அரையர்கள் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களுக்கு விலைக்குக் கொடுத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு, இனி எங்கள் ஊரை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள், விளைச்சலில் இன்ன பங்கு உங்களுக்கு என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். ஊருக்கும் காவலருக்கும் இடையில் அன்று எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் வெள்ளைக்காரன் காலத்தில் என்ன ஆனது என்பதே இந்த இதழின் கதை. மதுரை, திண்டுக்கல், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களை விட்டு அதிகம் நகர மாட்டேன். அங்கேதான் இந்த ஒப்பந்தம் கடைசிவரை உயிரோடு இருந்தது. அது முறிந்தபோது அதிகம் ரத்தம் சிந்தியதும் அங்கேதான்.

18ஆம் நூற்றாண்டில் தென் மாவட்டக் காவல் இரண்டு அடுக்காக இருந்தது. கீழடுக்கு தலக்காவல். ஒரே ஊரில், அல்லது இரண்டு மூன்று ஊர்களில், பரம்பரையாகக் காவல் பார்த்த குடும்பங்களின் உரிமை அது. மேலடுக்கு தேசகாவல். பல ஊர்களையும் அவற்றின் இடைவழிகளையும் காப்பதாகச் சொல்லிப் பாளையக்காரர்கள் வாங்கிய கட்டணம் அது. கீழடுக்கில் காவல் பார்த்தவர்கள் ஒரே சாதியினர் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலும் மறவர். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர். வேறு வட்டாரங்களில் அம்பலக்காரர், வலையர், குறவர் என்று இடத்துக்கு இடம் மாறும்.

காவல்காரருக்குக் கூலி களத்துமேட்டில் கிடைத்தது. சூடடித்துத் தூற்றிய நெல்லை அளக்கும்போது, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் பங்குகளோடு காவல் பங்கும் மரக்காலில் அளந்து போடப்படும். சில ஊர்களில் தீர்வை இல்லாத நிலம் உண்டு. வீட்டுக்கு இவ்வளவு, ஏருக்கு இவ்வளவு என்று காசாகக் கொடுத்த ஊர்களும் இருந்தன. இதற்குப் பதிலாக அவர் பார்க்க வேண்டிய வேலை, வெள்ளாமையில் மாடு மேயாமல் பார்ப்பது, களத்து நெல்லுக்கு ராக்காவல் இருப்பது, தொழுவத்து மாடுகளையும் வீடுகளையும் காப்பது.

இவையெல்லாம் கூலிக்கு ஆள் வைத்தால் யாரும் செய்யும் வேலைகள். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி வேறொரு நிபந்தனையில் இருந்தது. காவல்காரர் பொறுப்பில் இருக்கும் ஊரில் ஒரு பொருள் களவு போனால், அவர் அதை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் விலையைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இழப்பு நேர்ந்தால் அது காப்பவரின் இழப்பு. சென்னைப் பட்டணத்திலும் இதே வழக்கம் இருந்தது. கோட்டைக்கு வெளியே கறுப்பர் பட்டணத்தைக் காக்க, 17ஆம் நூற்றாண்டில் கம்பெனியார் பெத்த நாயக்கர் என்ற பட்டம் கொண்ட காவல் தலைவரை அமர்த்தினார்கள். அவருக்கு நிலமும், பட்டணத்துக்குள் வரும் சில சரக்குகள் மீது சிறு சுங்கமும் கொடுத்தார்கள். அவர் தன் தலையாரிகளை வைத்துத் தெருக்களைக் காக்க வேண்டும். களவு போனால் ஈடு கட்டவும் வேண்டும். பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் அவரை வைத்து வந்தது.

ஒரு மாடு காணாமல் போனால் மதுரைப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். விடிகாலையில் தொழுவத்தில் கயிறு மட்டும் கிடக்கிறது. கமலை இறைக்க வேண்டிய ஜோடியில் ஒன்று இல்லை. கிணற்றுப் பாசனக்காரனுக்கு இது சாதாரண நஷ்டம் அல்ல. ஒரு வாரம் தண்ணீர் இறைக்காவிட்டால் பயிர் கருகிவிடும். அவன் நேராகக் காவல்காரர் வீட்டுக்குப் போவான். காவல்காரர் தடம் பார்ப்பார். பக்கத்து ஊர்க் காவல்காரருக்கு ஆள் அனுப்புவார். தடம் எந்த ஊர் எல்லைக்குள் போய் முடிகிறதோ அந்த ஊர்க் காவல்காரர் பதில் சொல்ல வேண்டும். ஊரில் காவல்காரரே இல்லாவிட்டால் வேறு வழி உண்டு. விஷயம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, மாட்டின் விலையில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாகக் கொடுத்தால், இரண்டொரு நாளில் கண்மாய்க்கரை மரத்தடியில் கட்டிக் கிடக்கும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். யார் கொண்டுபோனார், யார் கொண்டுவந்து கட்டினார் என்ற கேள்வி எழாது.

இந்தக் கடைசிக் காட்சியை வைத்துத்தான் ஆங்கில அதிகாரிகள் காவல் முறை முழுவதையும் எடைபோட்டார்கள். திருடனே காவல்காரன், காவல் கூலி என்பது திருடாமலிருக்கக் கொடுக்கும் கப்பம் என்று அவர்கள் எழுதினார்கள். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மறுமாதமே மாடு காணாமல் போனது உண்டு. வைக்கோல் படப்பு எரிந்தது உண்டு. மிரட்டல் இந்த ஏற்பாட்டோடு கூடவே இருந்தது. ஆனால் மிரட்டல் மட்டுமே இருந்திருந்தால் பல நூற்றாண்டுகள் இது ஓடியிருக்காது. கூலி வாங்கியவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது. அதிகாரிகளின் அறிக்கைகள் முதலாவதை விரிவாகச் சொல்கின்றன. இரண்டாவதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

கம்பெனி முதலில் கைவைத்தது மேலடுக்கில். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள். பாளையங்கள் ஒடுங்கின, கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. திருநெல்வேலிக் கலெக்டர் லஷிங்டன் பாளையக்காரர்களின் காவல் வசூலைப் பற்றி விரிவான அறிக்கைகள் எழுதியவர். அந்தத் தேசகாவல் கட்டணத்தைக் கம்பெனி தன் வருமானமாக்கிக்கொண்டது. குடியானவன் கொடுப்பது நிற்கவில்லை. வாங்குகிற கை மாறியது.

அடுத்து 1816. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி வந்த சட்டங்கள் போலீஸ் பொறுப்பைக் கலெக்டரிடமும், அவருக்குக் கீழே தாசில்தாரிடமும், கிராமத்தில் முன்சீபிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தன. உள்ளூர் ஆட்களைக் கொண்டே ஊரைக் காப்பது நல்லது என்று மன்றோ நம்பினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே சட்டத்தில் ஒரு பிரிவு, சில்லறைக் குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதி எனப்பட்டவராக இருந்தால் அவரைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கக் கிராம முன்சீபுக்கு அதிகாரம் கொடுத்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே காலைப் பூட்டி, சாவடி முன்னால் ஊர் பார்க்க உட்காரவைக்கும் தண்டனை அது. மற்றச் சாதியாருக்கு அந்தத் தண்டனை இல்லை. உள்ளூர்க் காவல் என்றாலே நியாயமான காவல் என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவை மறக்கக் கூடாது. ஊரில் யார் மேலே, யார் கீழே என்பது அப்படியே காவலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் சேர்ந்ததன் விளைவு 1855இல் அம்பலமானது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கமிஷன் அமைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2,000 புகார்கள் வந்து குவிந்தன. பல புகார்தாரர்கள் நெடுந்தூரம் நடந்தே வந்து சாட்சி சொன்னார்கள். அறிக்கையில் நம் சொற்கள் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன: விரல்களையும் தொடையையும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய்ப்பொடி. தீர்வை பாக்கிக்கும் இதுதான், திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைப்பதற்கும் இதுதான். 1857இல் கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இந்த விசாரணைதான் அடிப்படை.

இந்த அவமானத்தைத் துடைக்கப் பிறந்ததே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த, சீருடை போட்ட, மாதச் சம்பளம் வாங்கும் போலீஸ் படை உருவானது. அயர்லாந்தை அடக்க வைத்திருந்த போலீஸ் படைதான் அதற்கு மாதிரி. முதல் தலைவர் வில்லியம் ராபின்சன். இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் இதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1861இல், வந்தது. தாசில்தாரின் சேவகனுக்கு நடுங்கிக்கொண்டிருந்த குடியானவனுக்கு இது ஓரளவு விடுதலைதான். அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தில் பழைய ஒப்பந்தத்தின் அந்த ஒரு நிபந்தனை இல்லை. மாடு போனால் போலீஸ் வழக்குப் பதியும், தேடும், திருடன் அகப்பட்டால் கோர்ட்டில் நிறுத்தும், தண்டனை வாங்கித் தரும். மாட்டின் விலையைத் தராது. தண்டனை சர்க்காரின் வேலையாயிற்று. இழப்பு குடியானவன் தலையில் நின்றுவிட்டது. இந்தத் தொடரில் நான் சொல்ல நினைத்தவற்றில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். காவலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட அரசு, அதன் கட்டணத்தை எடுத்துக்கொண்டது, அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. ஈட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

குடியானவனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. ஸ்டேஷன் பல மைல் தூரத்தில். போலீஸ்காரர் வேறு ஊர்க்காரர். பாரா வருகிறவர் கிராம முன்சீபைப் பார்ப்பார், நோட்டில் கையெழுத்து வாங்குவார், அடுத்த ஊருக்கு நடப்பார். மாடு போனதென்று பிராது கொடுத்தால் சாட்சிக்கு அலைய வேண்டும். வாய்தா வாய்தாவாகத் தாலுகா கச்சேரி வாசலில் நிற்க வேண்டும். அதற்குள் மாடு எந்தச் சந்தையில் கைமாறியதோ. துப்புக்கூலி கொடுத்தால் மூன்றாம் நாள் மாடு தொழுவத்தில். அதனால் சட்டம் வந்த பிறகும் பெரும்பாலோர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. காவல் கூலி களத்தில் அளக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. சர்க்கார் ஏட்டில் ஒரு போலீஸ், ஊர் நடப்பில் இன்னொரு காவல் என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓடின.

பிறகு 1896.

திண்டுக்கல் தாலுகாவில் குடியானவர்கள் கூடி, இனி கள்ளர் காவல் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மாடு அதிகம் வைத்திருந்த, மாடு அதிகம் பறிகொடுத்த இடையர் சமூகத்தைச் சேர்ந்த அம்மையப்பக் கோன் இதற்குத் தலைவராக இருந்ததாக ஆவணங்கள் சொல்கின்றன. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். காவல்காரர்களுக்கு இனி கூலி இல்லை, ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று அறிவித்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து ஒரு நிதி சேர்த்தார்கள். அந்த நிதியிலிருந்து புதுக் காவலாளிகளுக்குச் சம்பளம் கொடுப்பது. உறுப்பினர் எவர் வீட்டிலாவது மாடு போனால் அதே நிதியிலிருந்து ஈடு கொடுப்பது. மக்கள் வாயில் அதற்குப் பெயர் பண்டு.

இந்தப் பண்டின் அமைப்பை நான் மீண்டும் மீண்டும் வியந்து பார்க்கிறேன். படிப்பும் பதவியும் இல்லாத மாட்டுக்காரர்களும் உழவர்களும், அரசு கைவிட்ட அந்த ஈட்டுப் பொறுப்பைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நஷ்டத்தை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. பழைய ஒப்பந்தத்தில் அவர்களுக்கு எது முக்கியமாகப் பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காவல்காரரை மாற்றினார்கள், ஈட்டை விடவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இயக்கம் திருடர்களை மட்டும் துரத்தவில்லை. ஒரு சாதியைத் துரத்தியது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக, தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேற வேண்டியிருந்தது. வீடுகள் எரிந்தன. மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. பண்டில் சேர்ந்தவர்களின் வீடும் படப்பும் இரவுகளில் தீப்பிடித்தன. திண்டுக்கல்லில் தொடங்கியது பழனி, நிலக்கோட்டை, பெரியகுளம் என்று பரவி மதுரை, திருமங்கலம் பக்கமும் வந்தது. கூரை வீடுகளே நிறைந்த ஊர்களில் நெருப்பு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கார் கலவரத்தை அடக்க ஆள் அனுப்பியது. ஆனால் காவல் முறையை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் அதிகாரிகள் பலருக்கு மக்கள் பக்கம்தான் அனுதாபம்.

இயக்கத்தின் வேகம் வெகுநாள் நீடிக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குள் பல ஊர்களில் காவல் திரும்ப வந்துவிட்டது. காரணம் மிக எளிமையானது. பண்டுக்குச் சந்தா கட்டுவது குறைந்தது. போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் வந்துவிடவில்லை. வெளியேறியவர்களுக்கும் வேறு பிழைப்பு இல்லை. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தபோது மேலூர் வட்டாரம் செழித்தது. பிரமலைக் கள்ளர் வாழ்ந்த உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டுநிலங்கள் மானாவாரியாகவே கிடந்தன. காவல் கூலி போய்விட்டால் அங்கே ஒரு குடும்பம் எதைத் தின்னும் என்று அந்தக் கால அறிக்கைகளில் கேட்டவர்கள் மிகக் குறைவு.

1902இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் அமைந்த போலீஸ் கமிஷன் நாடு முழுவதும் விசாரித்து, போலீஸ் திறமையற்றது, லஞ்சத்தில் ஊறியது, மக்கள் அதை நம்பவில்லை என்ற முடிவுக்கு வந்தது. கிராமத் தலைவர்களுக்குப் போலீஸ் வேலையில் பொறுப்பு வேண்டும் என்றும் சொன்னது. யோசனை நல்லது. ஆனால் அதற்குள் சர்க்கார் வேறு திசையில் சிந்திக்கத் தொடங்கியிருந்தது. களவைத் தடுக்க ஊரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பதிலாக, களவு செய்பவர்கள் என்று சில சாதிகளைப் பட்டியல் போட்டுவிடுவது சுலபமாகத் தெரிந்தது.

குற்றப் பரம்பரையினர் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்கு வந்தது. 1911இல் அதைத் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. 1914இலிருந்து மதுரையைச் சுற்றிய ஊர்களில் ஒவ்வொன்றாகப் பிரமலைக் கள்ளர்களைப் பதிவு செய்தார்கள். 1918இல் அந்தச் சமூகம் முழுவதையும் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆண்கள் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். அதனால் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவு செய்யப்பட்டவர் இரவில் ஸ்டேஷனிலோ கிராம அதிகாரியிடமோ ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று எழுதிய அந்தச் சீட்டைப் போன ஊரில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ராத்திரிச் சீட்டு என்ற பெயர் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் வெகுகாலம் இருந்தது. புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போனாலும் சீட்டு. தாய் செத்த சேதி வந்தாலும் சீட்டு. எந்தக் குற்றமும் செய்யாதவர், இன்ன தகப்பனுக்குப் பிறந்தார் என்பதற்காக இப்படி ஒவ்வொரு இரவும் எண்ணப்பட்டார்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்குப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. நாங்கள் குற்றவாளிகள் அல்ல, ரேகை கொடுக்க மாட்டோம் என்று ஊர் திரண்டு நின்றது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் நினைவு சொல்கிறது. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்தவர். அந்த மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். பெருங்காமநல்லூரில் இன்று நினைவுத் தூண் நிற்கிறது. ஆனால் நம் பள்ளிப் பாடங்களில் ஜாலியன்வாலாபாக் தெரிந்த அளவுக்கு, அதற்கு அடுத்த ஆண்டு நம் மண்ணில் நடந்த இது தெரியாது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சர்க்கார் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கள்ளர் பள்ளிக்கூடங்கள் வந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்து முன்னேறிய தலைமுறைகள் உண்டு. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே காலத்தில் ஊருக்கு ஊர் கள்ளர் பஞ்சாயத்துகளையும் போலீஸ் அமைத்தது. அந்தப் பஞ்சாயத்தின் கடமை என்ன தெரியுமா? தங்கள் ஊர்க்காரர் களவு செய்தால் ஆளைப் பிடித்துக் கொடுப்பது; களவு போன பொருளை மீட்டுக் கொடுப்பது; மீட்க முடியாவிட்டால் ஈடு வசூலித்துக் கொடுப்பது.

ஆக, 1859இல் காணாமல் போன நிபந்தனை அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. இந்தத் தடவை அது ஒரு சாதியின் தலையில் மட்டும் ஏற்றப்பட்டது. பழைய காவல்காரருக்கு ஈட்டுப் பொறுப்போடு களத்தில் நெல்லும் உண்டு, ஊரில் மதிப்பும் உண்டு. புதிய ஏற்பாட்டில் பொறுப்பு மட்டும் இருந்தது. கூலி இல்லை, உரிமை இல்லை, மறுக்கும் வழியும் இல்லை. இதைச் சமூகக் காவல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கூட்டுத் தண்டனை என்றுதான் சொல்ல முடியும்.

1930களில் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் ஊர் ஊராகப் போய் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். 1947இல், சுதந்திரத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால், சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டின் போலீஸ் சட்டமோ தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. களவு போன பொருளுக்குக் காவல் துறை ஈடு கொடுக்க வேண்டும் என்ற பிரிவு அதில் இன்றைக்கும் இல்லை. இருக்க வேண்டுமா என்பது சட்டம் படித்தவர்கள் விவாதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் மக்கள் தாங்களாகவே ஒரு காவல் ஏற்பாட்டை உருவாக்கியபோதெல்லாம் முதலில் எழுதிவைத்த விதி அதுதான் என்பதை, காவல் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த இதழில் 1993க்கு வருகிறோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் காவல் நண்பர்கள் இயக்கத்தைத் தொடங்கியது, அது மாநிலம் முழுவதும் பரவியது, 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்ட பிறகு அந்த இயக்கம் நிறுத்தப்பட்டது ஆகியவற்றைப் பார்ப்போம்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களில் உங்கள் வீட்டுப் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ காவல் ஒப்பந்தம் எழுதிய ஓலையோ, பண்டு வசூல் கணக்கோ, ராத்திரிச் சீட்டோ இருக்கலாம். ரேகைச் சட்டம் நீங்கிய ஆண்டில் பதினெட்டு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். அந்தத் தாள்களைச் செல்லரிக்க விடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதிகாரிகளின் அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மக்கள் பக்கத்துச் சாட்சியம் உங்கள் வீடுகளில்தான் இருக்கிறது.

(தொடரும்)